பேய்க்கதைப் புத்தகம் போட 38 ஆயிரம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

காரிமங்கலம் ராத்திரி
நேற்று இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வேலை. சீசன் நடக்கும் மாதங்களில் ராப்பகலாக ஓடவேண்டும், மற்ற நாளில் ஸ்டோர் கணக்கு மட்டும்தான், அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன். நான்கு வருடமாகப் பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் திகில் கதைகள் போட்டுவருகிறேன், 11 கதை ஆகிவிட்டது. "ராத்திரி தனியா படிக்க முடியல" என்று யாராவது கீழே எழுதிவிட்டால் அன்றைக்குச் சோறே தனி ருசி.

இதையெல்லாம் ஒரு புத்தகமாகப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எங்கோ ஒரு படிவம் நிரப்பியதற்கு ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. 38,000 கட்டினால் 50 பிரதி, அட்டைப்படம், ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்) எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், உலகம் முழுவதும் விற்பார்களாம். ஒப்பந்தம் ஆறு பக்கம் வந்திருக்கிறது, முழுக்க ஆங்கிலம், தட்டுத்தடுமாறிப் படித்ததில் எல்லா உரிமையும் அவர்களுக்கு என்பதுபோல் ஒரு வரி கண்ணில் பட்டது. இதெல்லாம் வழக்கம்தானா?

இன்னொரு கேள்வி, இது கொஞ்சம் வேறு மாதிரி. தொகுப்பில் இருப்பதிலேயே பெரிய கதை தொப்பூர் கணவாயில் நடப்பது. செத்துப்போன லாரி கிளீனர் ஒருவன் ராத்திரியில் வளைவில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டுவான், நிறுத்தியவன் பிழைக்கமாட்டான். உண்மையில் நடந்த ஒரு விபத்தை வைத்துத்தான் எழுதினேன், எந்த விபத்து என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் படித்ததும் தெரிந்துவிடும். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "செத்தவனை எதுக்குடா மறுபடியும் ரோட்டுல நிக்க வைக்கிற" என்றது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மொரப்பூர் பாசஞ்சர்
நேற்று இரவு 11.52

கொடுக்காதீர்கள். 38 ஆயிரத்துக்கு ஆடு வாங்கிக் கட்டினால் குட்டியாவது போடும்.

அரூர் ஜெராக்ஸ்
இன்று காலை 5.25

தம்பி, நான் அரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், காலையில் கடை திறப்பதற்கு முன் எழுதுகிற ஆள். இதுவரை மூன்று புத்தகம், மூன்றும் பேய்தான், மூன்றும் சொந்தக் காசு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

உங்களிடம் பணம் கேட்பவர் பதிப்பாளர் இல்லை. பதிப்பாளர் என்றால் புத்தகம் விற்றுத்தான் அவர் வீட்டு அடுப்பு எரியவேண்டும். இவருக்கு நீங்கள் காசு கட்டிய அன்றைக்கே எரிந்துவிட்டது, அப்புறம் புத்தகம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன.

என் முதல் புத்தகக் கணக்கைச் சொல்கிறேன். 160 பக்கம், டெம்மி சைஸ், அதாவது 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று 10 ஃபாரம். டிஜிட்டலில் 100 பிரதி அடித்ததற்கு ஒன்றுக்கு 80 வீதம் 8,000. அட்டைக்கு ஒரு பையன் வரைந்து கொடுத்தான், 3,000. லேஅவுட் பக்கத்துக்கு 20 என்று 3,200. மெய்ப்புப் பார்த்தவருக்கு 2,400. (அதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், பயமுறுத்த வேண்டிய இடத்தில் ஒற்றுப்பிழை வந்தால் ஆள் சிரித்துவிடுவான்.) மொத்தம் 16,600. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு ஒரு பைசா கிடையாது. தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் கொடுக்கிறது, எழுதியவரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதற்கும் உங்களிடம் ஒரு தொகை போட்டிருப்பார்கள், ஒப்பந்தத்தில் பாருங்கள்.

விலை 200 வைத்தேன். கடையில் கொடுத்தால் 40 சதவீதம் கழிவு, கைக்கு வருவது 120, அச்சுச் செலவு போக 40, அந்த 40-ம் கடைக்காரர் எப்போது கொடுக்கிறாரோ அப்போது. அதனால் முழுதும் நானே கையால் விற்றேன். சொந்தக்காரர், கூடப் படித்தவர், கடைக்கு வருகிற வாத்தியார்கள் என்று சும்மா வாங்கிக்கொண்டு போனவர்கள் 22 பேர். மீதி 78 பிரதிக்கு 15,600. ஆயிரம் ரூபாய் நட்டத்தில் எழுத்தாளன் ஆனேன். இரண்டாம் தடவை அடிக்கும்போது அட்டை, லேஅவுட், மெய்ப்பு எதுவும் இல்லை, வெறும் 80 ரூபாய்தான், காசு அங்கேதான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் தடவை அடிக்கவேண்டுமென்றால் உரிமை உங்கள் கையில் இருக்கவேண்டுமே.

இப்போது அந்த ஒப்பந்த வரிக்கு வருகிறேன். 1957 காப்புரிமைச் சட்டம் 19-ம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் உரிமையைக் கொடுத்திருந்தால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் முழுக் காலத்துக்கும், உலகம் முழுக்க, எல்லா வடிவத்திலும் என்று தெளிவாக எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் என்ன செய்யும்? முழுக் காலம் என்பது நீங்கள் இருக்கும் வரைக்கும், அதற்குப் பிறகு 60 வருடம். அதுவரை உங்கள் பேய்கள் எல்லாம் அவர்கள் வீட்டில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும்.

நீங்களே போட்டால் நீங்கள்தான் பதிப்பாளர் என்பதும் நினைவிருக்கட்டும். 1954-ல் வந்த சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை, தில்லி என நான்கு இடத்துக்கு நம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்பவேண்டும். பலர் அனுப்புவதில்லை. நான் அனுப்பினேன். கன்னிமாராவில் என் புத்தகம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கெத்து, வேறொன்றுமில்லை.

தபாலுக்கு, 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் இருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்கான சேவை அது. கவுண்டரில் இருந்த அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "இது இதுல எதுல சார் சேரும்" என்று கேட்டார். பண்பாடு என்றேன். அட்டையில் புளியமரம், அதில் தலைகீழாக ஒருத்தி. சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டார். (நாலுவழிச் சாலைக்கு மரத்தையெல்லாம் வெட்டியபிறகு நம் பக்கத்துப் பேய்களுக்கு வீடே இல்லை, அட்டையிலாவது இருந்துவிட்டுப் போகட்டும்.)

விற்பனை என்றால் எனக்குத் தெரிந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் புத்தகத் திருவிழாக்கள்தான். தனி ஸ்டாலெல்லாம் கட்டுப்படியாகாது, தெரிந்தவர் ஸ்டாலில் ஒரு ஓரம் கேட்டு நின்றுகொள்ளவேண்டும். புத்தகத்தைப் புரட்டுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒன்றே ஒன்று, "இது உண்மைக் கதையா?" இல்லை என்றால் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருநாள் சாயங்காலம் வரை ஒரு பிரதிகூட விற்கவில்லை. ஏழு மணிக்கு ஒரு கல்லூரிப் பையன் கேட்டான், ஆமாம், என் சித்திக்கு நடந்தது என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஒன்பது பிரதி விற்றது. எனக்குச் சித்தியே கிடையாது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு மாதிரியாக இருந்தது, அடுத்த நாளிலிருந்து சொல்லவில்லை. உங்கள் தொப்பூர் கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

தளி ரோடு அக்கா
இன்று காலை 10.15

அரூர் அண்ணன் அச்சு பற்றிச் சொல்லிவிட்டார், நான் மின்னூல் பக்கம். ஒசூரில் இருந்துகொண்டு ஆறு வருடமாக அமேசான் கிண்டிலில் போடுகிறேன். என் மாமியார் நான் எழுதுகிற அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவைத்திருக்கிறார், அமாவாசைக்கு அமாவாசை மாற்றுவார். நான் கேலி பண்ணியதில்லை, பழம் கட்டிய பிறகுதான் எனக்கும் கதை சரளமாக வருகிறது.

கிண்டிலில் நீங்களே ஏற்றலாம், செலவில்லை. சாதாரணமாக விலையில் 35 சதவீதம் வரும். 70 சதவீதம் வேண்டுமானால் இந்தியாவில் செலக்ட் திட்டத்தில் சேரவேண்டும். இங்கேதான் உங்களைப் போன்றவர்கள் மாட்டுவார்கள். செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்குமே இருக்கக்கூடாது, இலவசமாகக்கூட. உங்கள் 11 கதையும் பிரதிலிபியில் கிடக்கிறதே? ஒன்று அதை எடுக்கவேண்டும், இல்லை 35-ஓடு நிற்கவேண்டும். நான் எடுத்தேன். பின்னூட்டங்கள் எல்லாம் கதையோடு போய்விட்டன, அதற்குத்தான் அழுதேன், காசுக்கு இல்லை. நீங்கள் எடுப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானம் கேட்பீர்கள். கிண்டில் அன்லிமிடெட் என்கிற மாதச் சந்தாவில் படிப்பவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அதற்குத் தகுந்த காசு. எனக்கு நல்ல மாதம் என்றால் 2,140, மோசமான மாதம் 61 ரூபாய். மாதம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வங்கிக்கு வரும். மாங்கூழ் ஆலையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் யூடியூப். நம் கதையை அப்படியே வாசித்து, பின்னால் நாய் ஊளையிடும் சத்தம் சேர்த்து, "உண்மைச் சம்பவம்" என்று தலைப்புப் போட்டு விடுவார்கள். என் கதை ஒன்றை ஒருவர் அவருடைய தாத்தாவுக்கு நடந்ததாகச் சொல்லியிருந்தார், கேட்டுவிட்டு நானே பயந்துவிட்டேன், நன்றாகத்தான் வாசித்திருந்தார். இருந்தாலும் புகார் கொடுத்தேன், எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் எழுதின உடனேயே காப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை, ஆனால் எழுதின தேதிக்கு ஏதாவது சாட்சி கையில் இருப்பது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் பக்கத்தை வைத்து எழுதினால் பேயைத் தமிழில் மட்டும் பேசவைக்காதீர்கள். தேன்கனிக்கோட்டைக் கதை ஒன்றில் அப்படி எழுதிவிட்டு வாசகர் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், எங்கள் ஊர்ப் பேய்க்குத் தெலுங்கும் கன்னடமும் தெரியாதா என்று. சரியான கேள்வி. திருத்திப் போட்டேன்.

டோல் தாண்டி
இன்று மதியம் 2.05

நான் எழுத்தாளர் இல்லை, படிக்கிற ஆள். ஊர் தொப்பூருக்குப் பக்கம். லாரிப் பட்டறை.

என் மாமா மகன் கிளீனராகத்தான் போனான். அந்த இறக்கத்தில்தான். நீங்கள் சொல்கிற விபத்துதானா என்று கேட்கமாட்டேன், அது எனக்குத் தெரியவும் வேண்டாம்.

அங்கே என்ன நடக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இறக்கம் நீளம், வளைவு அதிகம். டீசல் மிச்சம் பிடிக்கச் சில பேர் நியூட்ரலில் விட்டு இறக்குவார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், நியூட்ரலில் எல்லாப் பாரமும் பிரேக்கில் விழும். மிதித்து மிதித்து டிரம் காய்ந்துபோகும், ஒரு கட்டத்துக்கு மேல் மிதித்தால் மிதி மட்டும்தான், பிடிக்காது. பட்டறைக்கு வருகிற வண்டியில் அந்த லைனிங் கருகின வாடை இருக்கும், மோந்தாலே தெரியும், இவன் எப்படி இறங்கியிருக்கிறான் என்று. முன்னால் போகிற காரில் குடும்பம் இருக்கும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதில் எங்கே சார் பேய்?

எழுத வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஒன்று கேட்கிறேன். உங்கள் கிளீனர் கை காட்டுகிறான், நிறுத்தியவன் சாகிறான் என்றீர்கள். அவன் ஏன் கொல்கிறான்? வண்டியை நிறுத்தியவன் அவனுக்கு என்ன செய்தான், யார்மேல் அவனுக்குக் கோபம்? உயிரோடு இருந்தபோது வண்டி பின்னால் எடுக்கும்போது தட்டித் தட்டிச் சத்தம் கொடுத்தவன், மேட்டில் நின்றால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டவன். செத்ததும் கொலைகாரன் ஆகிவிடுவானா?

நம் பக்கத்தில் வேடியப்பன் கோயில் என்று கும்பிடுகிற பல இடத்தில் உள்ளே இருப்பது நடுகல்தான். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களிடமிருந்து மீட்கப் போய்ச் செத்த ஆள். தர்மபுரி மியூசியத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். அவனும் பாதியில் போனவன்தான், வழியில் செத்தவன்தான். அவனுக்குப் பொங்கல் வைக்கிறோம். லாரிக்காரன் செத்தால் மட்டும் பேயாக்கிவிடுகிறோம்.

வண்டி நம்பர், வருடம், ஊர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நியூட்ரலில் இறங்கியதை மட்டும் மாற்றவேண்டாம்.

அரூர் ஜெராக்ஸ்
இன்று மதியம் 2.31

டோல் தாண்டி அண்ணே, நீங்கள் எழுத்தாளர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காரிமங்கலம் ராத்திரி
இன்று இரவு 9.48

எல்லாருக்கும் நன்றி. ஷிப்டில் இருந்ததால் இப்போதுதான் முழுதும் படித்தேன். டோல் தாண்டி அண்ணா எழுதியதை இரண்டு தடவை.

பதிப்பகத்துக்குப் பணம் கட்டவில்லை என்று சொல்லிவிட்டேன். உடனே 38 ஆயிரம் 24 ஆயிரம் ஆனது, இன்றைக்கு மட்டும் என்றார்கள். போனை வைத்துவிட்டேன். அரூர் அண்ணா, அந்த லேஅவுட் செய்பவர் நம்பரைத் தனியாக அனுப்பமுடியுமா? 100 பிரதிதான், ஆடிக்குப் பிறகு, சீசன் சம்பளம் கையில் இருக்கும்போது. பிரதிலிபியிலிருந்து ஐந்து கதையை மட்டும் எடுப்பதாக இருக்கிறேன் அக்கா, மற்ற ஆறும் அங்கேயே இருக்கட்டும். அந்தப் பின்னூட்டங்களை விட மனசு வரவில்லை.

தொப்பூர் கதையை மறுபடி எழுத ஆரம்பித்தேன். வருடம், வண்டி எல்லாம் போய்விட்டது. கிளீனர் இப்போது கை காட்டுவதில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு வண்டி கூடவே ஓடுகிறான். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார், 60-ல் போகிற வண்டிக்குப் பக்கத்தில் ஒருவன் ஓடிவருகிறான், ஓடிக்கொண்டே குனிகிறான். இந்த இடத்தில் எனக்கே முதுகு சில்லிட்டது, முன்பு எழுதியதில் அப்படி ஆனதில்லை. அம்மாவிடம் அதுவரைக்கும் படித்துக் காட்டினேன். திட்டவில்லை. "கட்டை போட்டானா, வண்டி நின்னுச்சா" என்று கேட்டது. இன்னும் எழுதவில்லை என்றேன். சாப்பிட்டுவிட்டு எழுது என்றது.

மொரப்பூர் பாசஞ்சர்
இன்று இரவு 9.55

எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். 200 ரூபாய் கொடுத்துத்தான் வாங்குவேன், அந்த 22 பேரில் சேரமாட்டேன்.