பின்வீட்டுக்கு அக்சஸ் பொயின்ற் போட்ட பிறகு முன்வீட்டிலயும் நெற் விட்டு விட்டு வருகுது

கொக்குவில்_பின்வளவு:
முன்வீட்டில பைபர் ரவுட்டர். பின்வளவு வீட்டுக்கு 40 மீற்றர் நெற்வேர்க் வயர் இழுத்து, சும்மா கிடந்த பழைய ரவுட்டரை அக்சஸ் பொயின்றா (வயரில வாற நெற்றை வைஃபையாக் குடுக்கிற பெட்டியா) வைச்சிருக்கிறன். ரெண்டு பக்கமும் லான் (உள்வீட்டு நெற்வேர்க்) போர்ட்டிலதான் குத்தியிருக்கு. வைஃபை முழுக்கோடு காட்டுது. ஆனா ஒரு போனில நெற் ஓடுது, பக்கத்துப் போனில இல்லை. பழைய ரவுட்டரை நிப்பாட்டினா முன்வீட்டில எல்லாம் சரி. எல்லாப் போனிலயும் கேற்வே (வெளி நெற்றுக்குப் போற வாசல்) 192.168.1.1 எண்டுதான் இருக்கு. வயர் பழுதோ?

நல்லூர்_கம்பி:
வயரில பிழை இல்லை. ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே ஐபி (நெற்வேர்க் விலாசம்), அதுதான் சிக்கல். 192.168.1.1 ஆர் எண்டு போன் கேக்க ரெண்டும் "நான்தான்" எண்டு சொல்லுது. டிஎச்சிபியும் (போன்களுக்கு ஐபி பிரிச்சுக் குடுக்கிற வேலை) ரெண்டிலயும் ஓடும். பழைய ரவுட்டரிட்டப் போற போனுக்கு வெளியில வழி இல்லை. முன்வீடும் அதே லான் எண்டபடியா அங்கயும் அடிபடுது.

முதல்ல இடையில போற வயரைக் கழட்டுங்கோ. மடிக்கணினியை பழைய ரவுட்டரின்ர லான் போர்ட்டில குத்தி உள்ள போய், லான் ஐபியை 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கோ. அது திரும்ப எழும்பினதும் புது விலாசத்தில உள்ள போய் டிஎச்சிபியை நிப்பாட்டுங்கோ. பிறகு வயரை லான் போர்ட்டில குத்துங்கோ, வான் போர்ட் (வெளி நெற் வாற துளை) வெறுமனே கிடக்கட்டும். இந்த ஒழுங்கை மாத்தி டிஎச்சிபியை முதல்ல நிப்பாட்டினா மடிக்கணினி 169.254 இல தொடங்கிற ஐபி ஒண்டை எடுத்துக்கொண்டு நிக்கும். அப்ப கையால 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 போட்டுத்தான் உள்ள போகலாம்.

மெனுவில "அக்சஸ் பொயின்ற் மோட்" எண்டு இருந்தா இந்தப் பாடே இல்லை, அதைத் தெரிவுசெய்தாப் போதும்.

திருநெல்வேலி_நெற்:
அண்ணை சொன்னது சரி, ஒண்டைச் சேர்க்கிறன். பைபர் ரவுட்டர் குடுக்கிற ஐபி வரிசை 2 இல தொடங்கினா, அந்த 192.168.1.2 நாளைக்கு ஒரு போனுக்குப் போய் திரும்பவும் இதே கூத்துத்தான். வரிசையை 100 இலிருந்து 200 வரை எண்டு சுருக்கிவிடுங்கோ. வைஃபை பேர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூண்டையும் ரெண்டிலயும் ஒரே மாதிரி வையுங்கோ. 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில சனல் மட்டும் வேற வேற: ஒண்டு 1, மற்றது 6 அல்லது 11, சனல் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். பழைய சுண்ணாம்புக்கல் சுவர் எண்டா 5 கிகாஹேர்ட்ஸ் அடுத்த அறைக்கே தள்ளாடும், ஆகவே 2.4 ஐ நிப்பாட்ட வேண்டாம்.

கொக்குவில்_பின்வளவு:
செய்தன், எல்லாப் போனிலயும் ஓடுது. நன்றி. ஆனா பின்வீட்டில வயரில குத்திப் பாத்தாலும் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுதில்லை. முன்வீட்டில 200 வருது.

நல்லூர்_கம்பி:
94 எண்டா இணைப்பு 100 இல நிக்குது. பழைய ரவுட்டரின்ர போர்ட் 10/100 எண்டா ஒண்டும் செய்யேலாது, ரவுட்டரைத்தான் மாத்தவேணும். கிகாபிட் (1000 வேக) போர்ட் எண்டா வயரின்ர தலையை, அதாவது பிளக்கைப் பாருங்கோ. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேணும். 4, 5, 7, 8 இல ஒண்டு பிடிக்காட்டி பெரும்பாலும் 100 க்கு இறங்கியிடும். ரெண்டு தலையும் ஒரே ஒழுங்கு: வெள்ளைசெம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைபச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். கம்பியைக் கத்தியால சுரண்டிப் பாருங்கோ. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா செம்பு பூசின அலுமினியம், தலை அடிக்கேக்கையே முறியும்.

திருநெல்வேலி_நெற்:
வயர் வெளியால போகுதோ? உள்வீட்டு வயரின்ர தோல் வெயிலில வெடிச்சிடும், மிச்சத்தை அணில் பாத்துக்கொள்ளும். வெளிப்பாவனைக் கறுப்பு வயரை குழாய்க்குள்ள விடுங்கோ. சுவருக்குள்ள நுழைய முன்னம் கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறட்டும், அப்பத்தான் மழைத்தண்ணி வயர் வழியா உள்ள வராது.

ஐப்பசி கார்த்திகையில இடி முழங்கேக்கை கரண்ட் பிளக்கை மட்டும் கழட்டினாப் போதாது, நெற்வேர்க் வயரையும் ரெண்டு பக்கமும் கழட்டவேணும். ரெண்டு வீட்டுக்கும் நடுவில செம்பு போறதே எனக்குப் பிடிக்காது. ரெண்டு மீடியா கொன்வேட்டரும் (வயர் சிக்னலை பைபருக்கு ஒளியா மாத்திற பெட்டி) நடுவில பைபரும் போட்டா அந்தப் பயமில்லை, கண்ணாடியில கரண்ட் ஓடாது. ஒற்றைப் பைபர் வகை எண்டா ஒரு பக்கம் ஏ, மற்றப் பக்கம் பி எண்டு சோடியாப் பாத்து வாங்குங்கோ. ரெண்டும் ஏ எண்டா இணைப்பு லைற்றே எரியாது.