கண்ணாடியோடு ஒட்டிப்போன அப்பாயி படம்: முகம் மாறாமல் மீட்க முடியுமா?

பேராவூரணித் தோப்பு (கேள்வி)

எங்க அப்பாயிக்கு வீட்ல இருக்குறது ஒரே ஒரு படம். 1955 வாக்குல தஞ்சாவூர்ல ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது. அப்பாயி நாற்காலியில உக்காந்திருக்காங்க, பக்கத்துல தாத்தா நிக்கிறார், முன்னாடி எங்க அப்பா அரைக்கால் சட்டையோட. அப்பாவுக்கு அப்ப ஆறு வயசு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே அப்பாயி போய்ச் சேந்துட்டாங்க. அப்பாவுக்குத் தன் அம்மான்னா இந்தப் படம்தான்.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சப்ப சாமி ரூம் ஓடு மொத்தமும் பறந்துடுச்சு. தோப்புல தென்னையெல்லாம் சாஞ்சு கிடந்த அந்த நேரத்துல செவுத்துல நனையுற படத்தை யாரு பாக்குறது? சட்டத்துக்குள்ளயே காஞ்சு கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. இப்ப அப்பாயியோட இடது கண்ணும் கன்னமும் பூஞ்சை பிடிச்சு வெளுத்துப்போச்சு. திதிக்குத் திதி கண்ணாடியில வச்ச குங்குமம் மழையில கரைஞ்சு உள்ள இறங்கி, நெத்தி முழுக்க செவப்புத் திட்டு. தாத்தா முகம் கண்ணாடியோட ஒட்டியிருந்தாலும் தெளிவாத்தான் தெரியுது. பின்னாடி இருந்த தூண் போட்ட திரை பாதி அழிஞ்சுடுச்சு. கண்ணாடியில ஒரு விரிசல் வேற.

ஒரு கடையில குடுத்துப் பாத்தோம். செல்போன்ல படம் பிடிச்சு, ஏதோ ஏஐல ஓட்டி, மறுநாளே பளபளன்னு பிரிண்ட் குடுத்தாங்க. அப்பா கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது யாரும்மா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பக்கமும் போட்டிருந்த மூக்குத்தியக் காணோம். கண்ணு யாரோ சினிமாக்காரங்க கண்ணு மாதிரி இருக்கு.

படத்தைக் கண்ணாடியிலேருந்து பிரிச்சு எடுக்கலாமா? எப்படிப் பிரதி எடுக்குறது? பாதி போன முகத்தை அப்பாயி முகமாவே கொண்டுவர வழி இருக்கா? தம்பி கலர் பண்ணச் சொல்றான், அதுக்கும் சொல்லுங்க. எனக்கு கிம்ப் (படம் திருத்துற மென்பொருள்) ஓரளவு தெரியும். பொறுமையா உக்காந்து செய்யத் தயாரா இருக்கேன்.

சேலத்துத் தம்பி

அக்கா, கடையில ஜிஎஃப்பிகேன் மாதிரி முகம் திருத்துற ஏஐ ஒண்ணுல ஓட்டியிருப்பாங்க. அது முகத்தைத் துடைக்கறதில்ல, தான் கத்துக்கிட்ட முகங்களை வச்சுப் புதுசா ஒரு முகத்தை எழுதுது. கத்துக்கிட்டது ஃப்ளிக்கர்லருந்து எடுத்த 70,000 முகப் படங்கள்ல. அதுல நம்ம ஊருப் பாட்டிங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க? அதான் மூக்குத்திய அழுக்குன்னு நெனச்சு அழிச்சுடுது. கோட்ஃபார்மர்னு இன்னொண்ணு இருக்கு, அதுல அசலுக்கு எவ்வளவு நெருக்கமா நிக்கணும்னு 0லருந்து 1 வரைக்கும் ஒரு அளவு வைக்கலாம். 1 பக்கம் தள்ளி வச்சா முகம் அதிகம் மாறாது. ஆனா கண்ணே இல்லாத எடத்துல எந்த அளவு வச்சாலும் கண்டுபிடிச்சுத்தான் வரையும்.

இருட்டறை

அம்மா, படத்தைக் கண்ணாடியிலேருந்து பிரிக்கவே பிரிக்காதீங்க. வேற எது செஞ்சாலும் திருத்திக்கலாம், இதைத் திருத்த முடியாது. பழைய கருப்பு வெள்ளைப் படத்துல உருவம் காகிதத்துல இல்ல. காகிதத்து மேல பூசின ஜெலட்டின் படலத்துக்குள்ள வெள்ளித் துகளா நிக்குது. தண்ணி பட்டா ஜெலட்டின் ஊதி இளகிப் பசையாயிடும், காயும்போது கண்ணாடியப் பிடிச்சுக்கும். இழுத்தீங்கன்னா காகிதம் உங்க கைக்கு வரும், தாத்தா முகம் கண்ணாடியில நிக்கும். தண்ணியில ஊறப்போட்டா கழண்டுடும்னு யாராவது சொல்லுவாங்க. பூஞ்சை தின்ன ஜெலட்டின் தண்ணியிலயே கரையும். அப்பாயி கன்னத்துல மிச்சம் இருக்குறதும் போயிடும்.

நான் கும்பகோணத்துல ஸ்டுடியோவுல இருந்தவன். கண்ணாடி நெகட்டிவ்ல வார்னிஷ் தடவி, கூர் சீவின பென்சிலால முகத்தை ரீடச் பண்ணின கை இது. கம்ப்யூட்டர் பிற்பாடு கத்துக்கிட்டது. அதனால சொல்றேன்: உங்க வேலையில முக்காவாசி, படத்தை நல்லபடியாப் பிரதி எடுக்கறதுலயே இருக்கு.

மெல்லிசா மலிவா விக்கிற ஸ்கேனர் இதுக்கு ஆகாது. அதுல இருக்குற சிஐஎஸ் சென்சாருக்குத் தன் பலகையத் தொட்டுக்கிட்டு இருக்குறது மட்டும்தான் தெளியும். உங்க படத்துக்கு நடுவுல இன்னொரு கண்ணாடி இருக்கு, மங்கிடும். எப்சன் வி600 மாதிரி சிசிடி ஸ்கேனர் ஓரளவு தாங்கும். கேமரா கிடைச்சா அதுதான் எல்லாத்தையும் விட நல்லது. உங்க படம் அந்தக் காலத்துக் கேபினெட் சைஸா இருந்தா நீளப்பக்கம் ஆறரை அங்குலம். 24 மெகாபிக்சல் கேமராவுல நீளப்பக்கம் 6000 புள்ளி. அங்குலத்துக்கு 900க்கு மேல வருது, பழைய பிரிண்ட்டுக்கு அது தாராளம்.

படத்தைச் சட்டத்தோட மேசையில படுக்க வைங்க. கேமராவ நேர் மேல, லென்ஸ் படத்துக்குச் சரி இணையா இருக்குற மாதிரி நிறுத்துங்க. கிட்டக்க இருக்குறதைத் தெளிவா எடுக்கற மேக்ரோ லென்ஸ் இல்லைன்னா வாடகைக்காவது வாங்குங்க. ரூமை இருட்டாக்கி, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஒரே மாதிரி விளக்கு. கேமராவே கண்ணாடியில தெரியும், அதனால ஒரு கருப்புத் துணியில லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு நடுவுல தொங்கவிடுங்க. இருட்டான பகுதியில நீலமா வெள்ளி மாதிரி மினுமினுப்பு தெரிஞ்சா, அது வெள்ளி மேல வந்து படிஞ்சது. விளக்கு ரெண்டுக்கும் போலரைசர் தாள் (பளபளப்பைத் தடுக்குற தாள்), லென்ஸுக்கு போலரைசர் ஃபில்டர் போட்டுத் திருப்புங்க, ஒரு கோணத்துல அது மறைஞ்சுடும். கண்ணாடிப் பளபளப்பும் அதோட போகும்.

கட்டாயம் கலர்லயே, ரா கோப்பா (கேமரா பதிஞ்சதை அப்படியே வச்சிருக்குற கோப்பு) எடுங்க. கருப்பு வெள்ளைப் படம்தானேன்னு கருப்பு வெள்ளையில எடுத்தா உங்க குங்குமம் சாம்பல் திட்டா முகத்தோட கலந்துடும், அப்புறம் பிரிக்க முடியாது. கலர்ல எடுத்தா கிம்ப்ல செவப்பு, பச்சை, நீலம்னு சேனல் சேனலாப் பிரிச்சுப் பாருங்க. செவப்பு சேனல்ல குங்குமம் வெளுத்துக் காகிதத்தோட காகிதமாயிடும். மஞ்சள் கறையும் அப்படித்தான். நெத்திக்கு அந்த சேனலை எடுத்துக்குங்க. வேற எடத்துல உருவமே மஞ்சளா மங்கியிருந்தா நேர் எதிரா நீல சேனலைப் பாருங்க, அதுல அழுத்தமாத் தெரியும். ஒரே படத்துக்கு எடத்துக்கு எடம் சேனல் மாத்திக்கலாம்.

இன்னொண்ணு கவனிங்க. கண்ணாடியோட ஒட்டின எடம் ஈரத் துணி மாதிரி அழுத்தமா, கருப்பாத் தெரியும். ஒட்டாத எடம் பால் ஊத்தின மாதிரி வெளிறித் தெரியும். அது சேதம் இல்ல, வெளிச்சம் போற விதம். ரெண்டுக்கும் தனித்தனி கர்வ்ஸ் (வெளிச்சம், அழுத்தம் திருத்துற வசதி) போட்டு, மாஸ்க் (வேணுங்குற எடத்தை மட்டும் காட்டுற மறைப்பு) வச்சு எல்லையச் சேத்துடுங்க. இது தெரியாம ஹீல் பிரஷ்ஷால (பக்கத்து எடத்தை வச்சுக் கறைய மறைக்குற கருவி) தேய்ச்சா படம் முழுக்க பிசைஞ்ச மாதிரி ஆயிடும்.

திருத்தறது எதுவா இருந்தாலும் மேல ஒரு காலி லேயர்ல செய்யுங்க. அசல் லேயர் மேல கை வைக்கவே கூடாது. திரை, தரை, வேட்டி, சேலை எல்லாம் முடிச்சுட்டு முகத்துக்குக் கடைசியா வாங்க. அதுக்குள்ள அந்தப் படத்தோட மணி (பொடிப் புள்ளி, கிரெய்ன்) எப்படி, நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு கை பழகிடும்.

இடது கண்ணுதான் கஷ்டம். வலது கண்ணைத் திருப்பி ஒட்டுன்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். எந்த மனுஷ முகமும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. திருப்பி ஒட்டினா ஸ்டுடியோ விளக்கோட வெள்ளைப் புள்ளி எதிர்ப்பக்கம் போயிடும், பார்வை ஒண்ணரைக் கண்ணாயிடும். அப்பாயியோட வேற படம் ஏதாவது, நகம் அளவு முகமா இருந்தாக்கூடத் தேடுங்க. அப்பாவப் பக்கத்துல உக்கார வச்சுக்குங்க. எதுவுமே கிடைக்கலைன்னா அந்தப் பகுதிய மென்மையா, கொஞ்சம் மங்கலாவே விடுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வரைஞ்சா, அடுத்த தலைமுறை அதத்தான் பாட்டின்னு நம்பும்.

கிள்ளான் வாசகி

வணக்கம் சகோதரி. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய. அந்த நாளில் ஸ்டுடியோவில் படம் எடுத்தால் கடல் கடந்து இருக்கும் தம்பிக்கு, மச்சானுக்கு ஒரு பிரதி அனுப்புவது வழக்கம். என் பாட்டியின் தகரப் பெட்டியில் ஊர்ச் சொந்தங்களின் கேபினெட் படங்கள் இன்றும் இருக்கின்றன, பின்னால் மையில் பெயர் எழுதி. உங்கள் தாத்தாவின் கூடப் பிறந்தவர்கள் யாராவது மலேசியா, சிங்கப்பூர், பர்மா என்று போயிருந்தால் அந்த வீடுகளில் விசாரியுங்கள். கல்யாணக் குழுப் படங்களை மறக்காமல் கேளுங்கள்.

புதுவை நூலகம்

திரைச்சீலை பாதி அழிந்துவிட்டது என்றீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி எண்ணிமமாக்கியிருக்கிறது, பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு. அந்த நூலகத்தின் தளத்தில் படங்களைப் பார்க்கலாம். உங்கள் படம் அங்கே இருக்கும் என்று சொல்லவில்லை. அந்தக் காலத் திரைகளில் தூண், படிக்கட்டு, பூந்தொட்டி எல்லாம் எப்படி வரையப்பட்டிருந்தன என்று பார்த்துக்கொண்டால், உங்கள் தூணின் மீதியை அதே சாயலில் முடிக்கலாம். படத்தின் அட்டையில் ஸ்டுடியோ பெயர் அழுத்தி அச்சிட்டிருந்தால் அதையும் தனியாகப் படம் எடுத்து வையுங்கள்.

பேராவூரணித் தோப்பு

எல்லாருக்கும் நன்றி. சித்தப்பா மகன் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்குறவன், அவன் கேமராவுலதான் எடுத்தோம். ஐயா சொன்ன மாதிரி கருப்புத் துணி, போலரைசர் எல்லாம் போட்டு.

செவப்பு சேனலைத் திறந்ததும் எனக்குப் பேச்சே வரல. குங்குமத் திட்டு அப்படியே போயி, அதுக்கு அடியில அப்பாயி அன்னைக்கு நெத்தியில வச்சிருந்த பொட்டு தெரிஞ்சுது. வட்டமா, கருப்பா, கொஞ்சம் பெருசா. அப்பா இத்தனை வருஷம் தினம் கும்பிட்ட படம்தான், அந்தப் பொட்டை அவங்களும் மறந்தே போயிருந்தாங்க.

மலேசியாவுல யாரும் சிக்கல. ஆனா கிள்ளான் அக்கா சொன்னதால கல்யாணப் படம்னு கேட்டுக்கிட்டே போனதுல, அறந்தாங்கியில பெரிய அத்தை வீட்டுப் பரண்ல ஒரு குழுப் படம் கிடைச்சுது. அப்பாயி ரெண்டாவது வரிசையில நிக்கிறாங்க, முகம் சுண்டுவிரல் நகம் அளவுதான். பெருசாக்கினா புள்ளி புள்ளியா வருது, அப்படியே ஒட்ட முடியாது. ஆனா இடது இமை வலது இமையை விடக் கொஞ்சம் இறங்கியிருக்குறது தெளிவாத் தெரியுது. மூக்குத்தி ரெண்டு பக்கமும் இருக்கு. அப்பாகிட்டக் காட்டினேன். "ஆமா, எனக்கும் அப்படித்தானே"ன்னு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாங்க. அப்பா கண்ணையும் படம் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டு, இமையோட கோட்டை மட்டும் வரைஞ்சேன். கன்னத்துச் சதைக்கு, அதே படத்துல வலது கன்னத்துலேருந்து மணியை மட்டும் எடுத்தேன். கருவிழியை முழுசாத் தெளிய வைக்கல, கொஞ்சம் மங்கலாவே விட்டிருக்கேன். அப்பா பாத்துட்டு "அம்மாதான்"னாங்க.

கலரைப் பத்தி யாரும் சொல்லலியே? தம்பி இன்னும் விடமாட்டேங்குறான். ஒரு ஆப்ல போட்டுப் பாத்தான், சேலை கருநீலமா வந்துது.

இருட்டறை

அப்பா சொன்னதுக்கு மேல வேற சான்று வேண்டாம். அந்தக் கருவிழிய அப்படியே விடுங்க, கை வைக்காதீங்க.

சேலை விஷயம். சாம்பல் நிறத்துலேருந்து கலரைக் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் அந்தக் காலத்துப் படத்துல. ஆர்த்தோ பிளேட்டுன்னு ஒரு பழைய கண்ணாடி நெகட்டிவ், அதுக்குச் செவப்பு தெரியாது. செவப்பு, அரக்கு எல்லாம் கருப்பா விழும். அப்பாயி பொட்டு கருப்பா இருந்துதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது குங்குமமாத்தான் இருந்திருக்கும். சேலையும் அதே மாதிரி அரக்கா இருந்திருக்கலாம், மெஷின் அதைக் கருநீலம்னு நெனச்சிருக்கும். நம்ம நெறமும் அந்த பிளேட்டுல நேர்ல இருக்குறதை விட ரெண்டு படி கருத்துத்தான் விழும். அதனால முகத்தை வெளுக்கவும் வேண்டாம், சேலைக்கு வண்ணம் ஊகிக்கவும் வேண்டாம். பெரிய அத்தைக்கு அந்தச் சேலை ஞாபகம் இருந்தா கேளுங்க. அவங்க நிறம் சொன்னா, தம்பிக்காகத் தனியா ஒரு பிரதியில, நாங்க அந்தக் காலத்துல பிரிண்ட் மேல கையால சாயம் தீட்டின மாதிரி லேசா ஏத்துங்க. சாமி ரூமுக்குக் கருப்பு வெள்ளைதான்.

பேராவூரணித் தோப்பு

அத்தைக்கு நல்லா ஞாபகம் இருக்கு ஐயா. அரக்குல மஞ்சக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையாம். தம்பி பிரதிக்கு அதையே ஏத்துறேன்.

கடைசியா ஒண்ணு. புது பிரிண்ட்டை எப்படிச் சட்டம் போடறது? அசலை என்ன செய்றது?

இருட்டறை

புது பிரிண்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கெட்டி அட்டையில மவுண்ட் வெட்டிப் போடச் சொல்லுங்க. கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, தொட்டா அடுத்த மழைக்காலத்துலயும் இதே கதைதான். வெளிச்செவுத்துல மாட்டாதீங்க, ஓதம் ஏறும். குங்குமத்தைக் கண்ணாடிக்கு நடுவுல வைங்க, சட்டத்தோட ஓரத்துல வேண்டாம்.

அசலை அந்தக் கண்ணாடியோடயே அமிலம் இல்லாத காகிதத்துல சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, பீரோவுல நடுத்தட்டுல படுக்க வைங்க. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளயே பிடிச்சு வச்சுக்கும். லேமினேஷன் பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா குடுக்காதீங்க. ரா கோப்பையும் லேயரோட இருக்குற கிம்ப்போட எக்ஸ்சிஎஃப் கோப்பையும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு, ஒண்ணை அறந்தாங்கி வீட்ல குடுத்து வைங்க. எது அசல், எது உங்க கை வரைஞ்சதுன்னு ஒரு சின்னக் குறிப்பும் அதோட இருக்கட்டும்.