அஸ்டடைனுக்கு 'நிலையிலி' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

85ஆம் தனிமமான அஸ்டடைனுக்கு 'நிலையிலி' என்று பெயர் வைக்கலாம் என்கிறேன். 1940இல் பெர்க்லியில் கார்சன், மெக்கன்சி, செக்ரே மூவரும் பிஸ்மத்தை ஆல்பா துகள்களால் தாக்கி இதை உண்டாக்கினார்கள். 1947இல் அவர்கள் இட்ட பெயருக்குக் கிரேக்கத்தில் 'நிலையற்றது' என்றே பொருள். கணக்கில் மாறாத மதிப்புக்கு 'மாறிலி' இருக்கும்போது வேதியியலில் 'நிலையிலி' உறுத்தாது.

---

தம்பிக்கு,

சொல் அழகாக இருக்கிறது. என் சந்தேகமே அங்கேதான் தொடங்குகிறது.

நேற்றுத் திருமங்கலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முன் அதைக் கரும்பலகையில் எழுதி, எந்தத் தனிமம் என்று கேட்டேன். ஒருத்தி 'ரேடான்' என்றாள். பின்பெஞ்சிலிருந்து 'யுரேனியம்' என்று குரல் வந்தது. அவையும் நிலையற்றவைதானே, இரண்டையும் தவறென்று எப்படிச் சொல்வது? அஸ்டடைனின் ஐசோடோப்புகளில், அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் வகைகளில், நீண்ட ஆயுள் கொண்டது அஸ்டடைன்-210; அதன் அரைவாழ்வே, பாதி சிதைந்துபோக ஆகும் நேரமே, 8.1 மணி நேரம்தான். மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறினால் சென்னையில் இறங்கும்போது ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். பிரான்சியத்துக்கோ 22 நிமிடம். மேலூர் வருவதற்குள் பாதி போய்விடும். நிலையின்மைதான் அளவுகோல் என்றால் பெயர் அதற்கல்லவா சேர வேண்டும்?

பொருளை மொழிபெயர்ப்பதுதான் முறை என்றால் புரோமினை 'நாற்றம்' என்றும் அயோடினை 'ஊதா' என்றும் அழைக்க வேண்டும். மருந்துக்கடையில் போய் 'ஊதா டிங்சர்' கேட்டுப் பாருங்கள்!

இரும்பும் ஈயமும் பட்டறையில் கைபட்ட பொருள்கள். பெயரும் கூடவே வந்தது. அஸ்டடைனைக் கண்ணால் கண்டவர் இல்லை. கண்ணுக்குத் தெரியும் அளவு திரட்டினாலும், தன் கதிரியக்கச் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

ஆகவே தனிமம் அஸ்டடைனாகவே இருக்கட்டும். 'நிலையிலி'யைச் சிதையும் அணுக்கருக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக்குங்கள். 'நிலைத்தன்மையற்ற அணுக்கரு' என்று பாடம் நடத்தி வாய் வலிக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'புற்றுநோய்ச் செல்களை ஆல்பா துகளால் அழிக்கலாமா என்று ஆராய்வதற்குப் பயன்படும் அஸ்டடைன்-211, 7.2 மணி நேர அரைவாழ்வுள்ள ஒரு நிலையிலி.' எங்கும் இடறவில்லை.

---

ஐயா,

பெயரை விட்டுக்கொடுக்கிறேன், 'ஊதா டிங்சர்' என்னை வீழ்த்திவிட்டது. பொதுச்சொல்லாக்குவதில் ஒரு சிக்கல் மட்டும் தெரிகிறது. 'மாறிலி'க்கு எதிர்ச்சொல் 'மாறி' என்பதை மறந்து, கணக்குத் தேர்வில் 'நிலையிலி' என்று எழுதிவைக்கப் பத்துப் பேராவது இருப்பார்கள். 'நிலையிலிக் கரு' என்று ஒட்டியே வழங்கினால் தப்பலாமா?