ஒரு படம், அஞ்சு டைரக்டர், எத்தனையோ பாண்ட்: 1967 ‘கேசினோ ராயல்’ பார்த்தவங்க வாங்க

ராயபுரம் ரீல்:
டேனியல் கிரெய்க் நடிச்ச 2006 படத்தைப் பத்தி நிறைய பேசிட்டோம். அதே பேர்ல 1967ல வந்த கூத்தைப் பத்தி இங்க ஒருத்தரும் வாயைத் திறக்கலை. டேவிட் நிவன், பீட்டர் செல்லர்ஸ், ஆர்சன் வெல்ஸ், உர்சுலா ஆண்ட்ரஸ், வூடி ஆலன், டெபோரா கெர்னு ஒரு பெரிய கூட்டமே நடிச்சிருக்கு. டைரக்டர்னு டைட்டில்ல மட்டும் அஞ்சு பேர்.

எங்க நைனா வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவர். பர்மா பஜார்ல ஒருத்தர் ‘பாண்ட் படம் மொத்தமும்’னு கட்டிக் கொடுத்த டிவிடில இதுவும் நடுவுல இருந்துச்சு. கொஞ்ச நேரம் பொறுமையாதான் பார்த்தார். செல்லர்ஸ் சீன் ஒண்ணு வந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திட்டார். “டேய், இங்க ஒரு ரீல் போச்சுடா.”

அது எந்த சீன்னா, ஹீரோயின் வெஸ்பரை வில்லன் லெ ஷீஃபோட (அதான் ஆர்சன் வெல்ஸ்) ஆளுங்க தூக்கிட்டுப் போறாங்க. செல்லர்ஸ் ரேஸ் கார்ல ஏறுறார். அடுத்து பார்த்தா வில்லன்கிட்ட மாட்டி நாற்காலியில உட்கார்ந்திருக்கார். துரத்தறதும் இல்ல, பிடிபடறதும் இல்ல.

நைனா காலத்துல ஒரே பிரிண்ட்டை ரெண்டு தியேட்டர் ஓட்டுறது சகஜம். ரீல் பெட்டி சைக்கிள்ல வந்து சேரணும். திரையில வலது பக்க மூலையில புள்ளி தெரிஞ்சதும் அடுத்த மெஷினைத் தட்டணும். அந்த நேரம் பெட்டி மாறி வந்துட்டா, செத்த ஹீரோ எழுந்து டூயட் பாடுவாராம். ஜனங்க ஸ்க்ரீனை விட்டுட்டு ஆபரேட்டர் ரூம் பக்கம் திரும்பி அர்ச்சனை பண்ணுவாங்களாம். “இந்தப் படத்துல எந்த ஆபரேட்டரும் தப்பு பண்ணலடா, ஷூட்டிங்லயே ரீல் காணோம்”னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு.

அவர் சொன்னது கிட்டத்தட்ட நிஜம். செல்லர்ஸுக்கும் வெல்ஸுக்கும் ஆகவே ஆகாது. செல்லர்ஸ் தன் பகுதி முடியறதுக்கு முன்னாடியே படத்தை விட்டுப் போயிட்டார். மிச்சத்தை ஒட்டுப்போட, நிவன் வர்ற கதையை நீட்டி, எதிரியைக் குழப்பறதுக்காக எல்லா ஏஜென்ட்டுக்கும் ‘ஜேம்ஸ் பாண்ட்’னே பேர் வெச்சுட்டாங்க. எனக்கு என்னமோ படத்தோட பெஸ்ட் ஜோக்கே அந்த ஒட்டுதான். கதையைத் தேடாதீங்க, ஒட்டு எங்கே இருக்குன்னு தேடிப் பாருங்க.

கேரம் குமாரு:
ரீல் அண்ணே, நாங்க இதைப் பார்த்தது புதுவண்ணாரப்பேட்டை கேரம் கிளப்புல. மழை, போர்டு பூரா நமத்துப்போய் காயின் நகரல, டிவியைப் போட்டுட்டோம். சீட்டு சீன் வந்ததும் மங்காத்தா பார்ட்டிங்க எல்லாம் கிட்ட வந்து உட்கார்ந்துட்டாங்க. அது பக்காரா. 9க்கு யார் கிட்ட வராங்களோ அவங்க ஜெயிப்பாங்க, பத்தும் படச்சீட்டும் சைபர். ரம்மி ஆடுற ஒரு பெரியவர் ரெண்டே கையில பிடிச்சுட்டு, “இதுல மூளைக்கு என்னப்பா வேலை, அதிர்ஷ்டம்தானே”ன்னு எழுந்து போயிட்டார். வெல்ஸ் சீட்டாட்டத்துக்கு நடுவுல மேஜிக் வேற பண்றார். அந்த ஆளு மேஜிக் பைத்தியமாமே? எங்க பசங்க கைதட்டுனது அதுக்கு மட்டும்தான்.

செல்லர்ஸும் வெல்ஸும் ஒரே மேஜையில உட்கார்ந்திருக்காங்கன்னு பேரு. நல்லா கவனிங்க, பெரும்பாலும் இவர் மூஞ்சி தனி, அவர் மூஞ்சி தனி.

பெரம்பூர் பானு:
நான் பாட்டியோட பார்த்தேன். நிவனோட பொண்ணா வர்ற மாத்தா பாண்ட், கோயில் மாதிரி ஒரு செட்டுல பெரிய கிரீடம் வெச்சு ஆடுவாளே, பாட்டி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு பார்த்துட்டு, “இது எந்த ஊர் ஆட்டம்டி? முத்திரை ஒண்ணும் உருப்படியா இல்லையே”ன்னாங்க. அப்புறம் பெர்லின்ல அந்த கோணல்மாணல் வீடு வருது பாருங்க, அதுக்கு மட்டும் எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம். பழைய ஜெர்மன் ஊமைப்பட செட்டைக் கிண்டல் பண்ணியிருக்காங்க.

பர்ட் பக்கராக் மியூசிக்கை ஏன் யாரும் சொல்லலை? டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்ட் பாடின ‘தி லுக் ஆஃப் லவ்’ ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. படத்துல யாருமே நிதானமா இல்ல, அந்தப் பாட்டு ஒண்ணுதான் நிதானம்.

பழைய கொட்டாய்:
எனக்கு இந்தப் படம் பிடிக்கல, சொல்லிடறேன். கடைசி சண்டையில கௌபாய் வர்றான், பாராசூட்ல செவ்விந்தியர் குதிக்கறாங்க, கடல் சிங்கம் வருது, பாம் வெடிச்சு எல்லாரும் சொர்க்கத்துக்குப் போறாங்க. முடிக்கத் தெரியலன்னா வெடி வெச்சுடறதா? வூடி ஆலன் வர்ற கடைசிப் பகுதி மட்டும் தேறும். நாலரை அடிக்கு மேல இருக்கிற ஆம்பளைங்களையெல்லாம் ஒழிக்கணும்னு திட்டம் போடற குட்டி வில்லன். அது எழுதினவன் புத்திசாலி.

ஆனா ஒண்ணு, அன்னைக்கு ஜுரம் அப்படி. 1966லேயே நம்ம ஜெய்சங்கர் ‘வல்லவன் ஒருவன்’ல துப்பாக்கியைத் தூக்கிட்டார், தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்னு பேரும் வாங்கிட்டார். ஊருக்கு ஊர் உளவாளி. கிண்டல் பண்ண ஒருத்தன் வந்துதான் ஆகணும்.

கேரம் குமாரு:
அப்போ பாண்டா நடிச்சுக்கிட்டிருந்த ஷான் கானரியை வெச்சு சீரியஸாவே எடுத்திருக்கலாமே பெரியவரே?

பழைய கொட்டாய்:
எடுக்க முடியல தம்பி. இயான் ஃபிளெமிங் 1953ல எழுதின முதல் பாண்ட் நாவலே இதுதான். பட உரிமையை அவர் 1955லேயே கிரகரி ரட்டாஃப்னு ஒருத்தருக்கு வித்துட்டார். அவர் செத்ததும் அது சார்லஸ் ஃபெல்ட்மேன் கைக்கு வந்துச்சு. மத்த பாண்ட் படம் எடுத்தவங்ககிட்ட இந்த ஒரு கதை மட்டும் இல்ல. கானரி அவங்க ஆளு. அவர் கிடைக்கலன்னதும், போட்டி போட்டு ஜெயிக்க முடியாதுன்னு ஃபெல்ட்மேன் கிண்டலாவே எடுத்துட்டார். இவ்வளவு திட்டறேன், ஆனா போட்ட காசுக்கு மேலேயே வசூல் பண்ணிடுச்சு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

பெரம்பூர் பானு:
2006 படத்துக்கு முன்னாடி இதைப் பார்க்கணுமான்னு தனிமெசேஜ்ல ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. தேவையே இல்ல. வெஸ்பர், லெ ஷீஃப், அந்தச் சீட்டு மேஜை, இவ்வளவுதான் பொது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும், தனியா மட்டும் உட்காராதீங்க. கமென்ட் அடிக்கிற ஆள் ரெண்டு பேரைப் பக்கத்துல வெச்சுக்குங்க. ரீல் அண்ணா, உங்க நைனா ஃப்ரீயா?

ராயபுரம் ரீல்:
ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஃப்ரீதான். ரிமோட் மட்டும் அவர்கிட்டதான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்.