'போட்டித் தரம்' ரோபோ கிட் 6,500 ரூபாய் பெறுமா?

தொண்டிக்கரை சார்:
எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் லைன் ஃபாலோயர் போட்டிக்குப் போகிறார்கள், அதாவது தரையில் போட்ட கோட்டைப் பிடித்துத் தானே ஓடும் ரோபோ வண்டிப் போட்டி. நான் கணக்கு வாத்தியார், எலக்ட்ரானிக்ஸ் அரைகுறைதான். போன வருடம் ஆன்லைனில் மலிவாக ஒரு கிட் வாங்கினோம். வகுப்பில் ஜோராக ஓடிய வண்டி போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே இடது சக்கரம் சுற்றாமல் கர்ரென்று சத்தம் மட்டும் போட்டது. பிரித்தால் வெள்ளைப் பல்சக்கரத்தில் மூன்று பல்லைக் காணோம். மிச்ச மோட்டார்களை அலமாரியில் வைத்துவிட்டு ஜூலையில் எடுத்தேன், முனையெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. இப்போது 6,500 ரூபாய்க்கு 'போட்டித் தரம்' என்று ஒரு கிட் சொல்கிறார்கள். வாங்கலாமா? தரத்தை எப்படிப் பார்ப்பது?

கீழக்கரைத் தம்பி:
சார், முதலில் அந்த கிட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள், கொடுக்க மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். உங்களிடம் உடைந்தது மஞ்சள் பிஓ மோட்டார்தானே, மலிவு கிட்டில் வருமே அது? உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், அது பழகுவதற்கு, பந்தயத்துக்கு இல்லை. மெட்டல் கியர் வைத்த என்20 என்ற சின்ன மோட்டார் வாங்குங்கள். அச்சைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்புறம் எல்298என் டிரைவர், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் போர்டு, பெரும்பாலான கிட்டில் வருகிறது, அதுவே சுமார் 2 வோல்ட்டை வெப்பமாகத் தின்றுவிடும். இரண்டு செல் போட்டு 7.4 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போவது ஐந்தரை வாக்கில்தான். என்20 மாதிரிச் சின்ன மோட்டாருக்கு டிபி6612 என்ற டிரைவர் போதும், சூடும் குறைவு. காசை மிச்சம் பிடிப்பதென்றால் வண்டிக்கு மூளையான ஆர்டுயினோ போர்டில் பிடியுங்கள், அது திறந்த வடிவமைப்பு, நகல் போர்டே நன்றாக ஓடும், கணினி அந்த போர்டை அடையாளம் காண சிஎச்340 டிரைவர் என்ற மென்பொருளை மட்டும் ஏற்ற வேண்டியிருக்கும். நாங்கள் ஒருமுறை மாறிச் செய்தோம், ஒரிஜினல் போர்டு, ஓட்டை மோட்டார். முதல் சுற்றோடு பஸ் ஏறினோம்.

மண்டபம் ஒயரிங் கடை:
நான் போட்டி பார்த்ததில்லை, மீன்பிடி படகில் வரும் ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் பழுது பார்க்கிறவன். ஆனால் அந்தப் பச்சையை எனக்கு நன்றாகத் தெரியும். கச்சான் காற்றில் உப்பு உள்ளே வந்துதான் தீரும், விலை கூடின மோட்டாரையும் விடாது. செருகி எடுக்கிற ஜம்பர் ஒயர் வாங்கினால் உள்கம்பியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது இரும்பு, செம்பு மேலே பூச்சுதான். பழகும்போது ஜம்பர் இருக்கட்டும், போட்டி வண்டியில் ஒயரை ஈயப் பற்று வைத்துவிடுங்கள், பற்று மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் போதும். வண்டியை ரப்பர் வளையம் வைத்த டப்பாவில் போட்டு, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலு சேர்த்து மூடி வையுங்கள்.

இன்னொன்று, பேட்டரி. செல் மேல் கொள்ளளவு 9,800 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் தொடாதீர்கள். 18650 என்ற இந்த உருளைச் செல் அளவில் நல்ல கம்பெனி செல்லே 3,500 வாக்கில்தான் நிற்கும், எடையும் 45 கிராம் பக்கம் இருக்கும். அதைவிட ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சரக்கில்லை. ஆள் இல்லாமல் சார்ஜ் போடவும் கூடாது, பள்ளிக்கூடம் பாருங்கள்.

தொண்டிக்கரை சார்:
ரொம்ப நன்றி. பட்டியல் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. போன வருடத்துச் செல் இரண்டை நகைக்கடைத் தராசில் வைத்தேன். ஒன்று 29 கிராம், இன்னொன்று 31. கடைக்காரர், "சார், இது எந்தக் காரட்?" என்று கேட்கிறார்.