நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு: களிமண் உறை குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆந்திர எல்லையோர நகரியைச் சேர்ந்த நான், கோதாவரிப் படுகையிலுள்ள நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் கழிவுமேட்டை வடிவமைக்கும் குழுவில் பணிபுரிகிறேன். கழிவுப் பாறையிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்), காற்றும் மழைநீரும் பட்டால் கந்தக அமிலத்தை உண்டாக்கி, இரும்பையும் மாங்கனீசையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும் என்பதால், மெல்லிய அடுக்குகளாகக் கொட்டி, ரோலரால் இறுக்கி, சுண்ணாம்புக்கல் கலந்து, மேலே களிமண் உறை போட எண்ணியுள்ளோம்.

ஆனால் அங்கு எளிதில் கிடைப்பது கரிசல் மண்தான். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் ஏரித் தரையில் மணிக்கட்டுவரை கை நுழையும் வெடிப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். உறையில் அப்படி ஒன்று விழுந்தால் முதல் மழையே மேட்டுக்குள் புகுந்துவிடும். கரிசலைச் சுண்ணாம்பு கலந்து பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? ஈரம் காக்க அதன்மேல் மணலும் மேல்மண்ணும் எவ்வளவு கனத்தில் போட்டீர்கள்? மேட்டின் சரிவுக்குக் கீழே குடிநீர்க் கிணறுகள் இருப்பதால், அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.