வெல்லத்துக்கு வேண்டியது ஓட்டம் இல்லை

பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. வளர்ப்பது காக்கர் ஸ்பானியல் நாய், ஆண், வயது 11 மாதம். நிறத்தைப் பார்த்து அம்மா வெல்லம் என்று பெயர் வைத்தார்.

ஐந்தாம் மாதம் தொடங்கியது ஆட்டம். செருப்பு, மெத்தை, காயப்போட்ட வேட்டி, எதுவும் தப்பவில்லை. "ஓடவிடு, களைத்துப் போகும்" என்று எல்லோரும் சொன்னார்கள். காலையில் 4 கிலோமீட்டர், மாலையில் 4 கிலோமீட்டர் ஓடவிட்டேன். ஒரு மாதத்தில் அவனுக்குத் தெம்புதான் கூடியது, வீட்டுக்கு வந்த பிறகும் அதே குதிப்பு. எனக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாளில் எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தது. அன்றுதான் அவனை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வரப்பில் மூக்கைத் தரையோடு வைத்து, வால் விடாமல் ஆட, இப்படியும் அப்படியுமாக வளைந்து போனான். கோரைப் புதரிலிருந்து ஒரு கம்புள் கோழி படபடவென்று எழுந்தது. துரத்தவில்லை, நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்! இங்கிலாந்தில் உட்காக் என்ற பறவையைப் புதரிலிருந்து கிளப்பத்தான் இந்த இனத்தை வளர்த்தார்கள். காக்கர் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. நம் வயலுக்குப் பனிக்காலத்தில் வரும் உள்ளானுக்கு உறவுக்காரப் பறவை அது. இத்தனை நாளும் காலுக்கு வேலை கொடுத்தேன், மூக்கைப் பட்டினி போட்டிருந்தேன்.

இப்போது நடை 2 கிலோமீட்டர்தான், அவன் இஷ்டப்படி மோந்துகொண்டு. மாலையில் வேகவைத்த ஈரலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, வைக்கோலுக்குள்ளும் கொட்டாங்கச்சிக்கு அடியிலும் ஒளித்து வைப்பேன். கால் மணி நேரம் தேடுவான். அப்புறம் திண்ணையில் படுத்தால் அசைவே இல்லை. எட்டு கிலோமீட்டர் ஓட்டம் செய்யாததை இந்தக் கால் மணி செய்கிறது.

வாய்க்காலில் இறங்கிக் குளித்ததில் ஒரு தொல்லை வந்தது. நான்காம் நாள் தலையை உதறிக்கொண்டே இருந்தான், காதில் கெட்ட வாடை. தொங்கும் காது மூடிக்கொள்வதால் உள்ளே ஈரம் உலராமல் புண் வைத்துவிட்டது என்றார் கால்நடை மருத்துவர். இப்போது தண்ணீரிலிருந்து வந்ததும் காதைத் தூக்கித் துடைத்துவிடுகிறேன், கூடவே மடிப்பில் உண்ணியும் பார்ப்பேன். எலி, பெருச்சாளி நடமாடும் வயல் தண்ணீர் என்பதால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை வருடம் தவறாமல் போடச் சொல்லியிருக்கிறார். டெல்டாவில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, கிட்டி. மூங்கிலை வளைத்துச் செய்யும் நம் தஞ்சாவூர் எலிப்பொறியை எல்லோருக்கும் தெரியும். அதில் வைத்த தீனி வாடைக்கு இவன் மூக்கை நீட்ட, பட்டென்று விடுபட்டு உதட்டோரம் அடித்தது. சின்னக் காயம்தான். கண்ணில் பட்டிருந்தால் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. பக்கத்து வயல் சித்தப்பாவிடம் சொன்னேன், அவரும் பதறிவிட்டார். கிட்டி வைக்கும் நாளில் முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். அன்று வெல்லத்தைக் கயிற்றோடு ஆற்றங்கரைப் பக்கம் அழைத்துப் போகிறேன்.